அடுப்பங்கரையே முதற்காவல்: மலையகத்தின் அன்றாட உணவும் புற்றுநோய்த் தடுப்பும்

உடம்பினுள்ளே இறைவன் குடிகொண்டிருப்பதைக் கண்டு, உடம்பைக் கோயிலாகப் போற்றியவர் திருமூல நாயனார். திருவள்ளுவரும் 'மருந்து' என 95ஆவது அதிகாரத்தை வகுத்து, அதன் பெரும் பகுதியில் மருந்தைப் பற்றிப் பேசாமல் உணவைப் பற்றியே பேசினார். பசித்த பின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், உடம்புக்கு ஒவ்வாததை விலக்குதல் ஆகியவையே அவர் கூறிய மருந்து. கோயிலைச் சுத்தமாக வைத்திருப்பது அடியார்களின் கடமை என்றால், உடம்பாகிய கோயிலைக் காப்பதும் அக்கடமையில் அடங்கும். அந்தக் காவல் அடுப்பங்கரையிலேயே தொடங்குகின்றது.

கொட்டகலை, தலவாக்கலை, அட்டன், நுவரெலியா ஆகிய ஊர்களைச் சுற்றிலும் கோவா, கரட், லீக்ஸ், பீற்றூட், நோக்கோல், போஞ்சி என மரக்கறி விளையாத பள்ளத்தாக்கு இல்லை. அம்மரக்கறிகளை ஏற்றிய லொறிகள் இரவோடிரவாகக் கொழும்புக்குச் செல்கின்றன. அதே பாதையோரத்து லயங்களில் காலையில் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், மத்தியானம் மீண்டும் ரொட்டி அல்லது சோறும் ஒரு கறியும் என்பதே பல வீடுகளின் நிலையாகும். இடையில் பசி தெரியாதிருக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. விளையும் நல்லுணவு வெளியே போக, வேண்டாத ஒன்று வாயில் தங்கிவிடுகின்றது. இந்த இரண்டையும் இடம் மாற்ற முடியுமா என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

புற்றுநோய் என்பது யாது?

உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆனது. பழைய கலங்கள் அழிவதும் புதிய கலங்கள் பிறப்பதும் ஓர் ஒழுங்கில் நடைபெறுகின்றன. அந்த ஒழுங்கை நடத்தும் கட்டளைகள் ஒவ்வொரு கலத்தின் உள்ளேயும் எழுதப்பட்டுள்ளன. புகை, புகையிலை, மதுசாரம், சில வைரசுக்கள், பூஞ்சண நஞ்சு போன்றவை அக்கட்டளைகளைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. சிதைந்த கலம் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய். இது ஒரே நாளில் வருவதில்லை. முதற்சிதைவு தொடங்கிக் கட்டி தெரிய வருவதற்குப் பல வருடங்கள் செல்லும். இந்நீண்ட காலமே மனிதருக்குக் கிடைத்த வாய்ப்பாகும்.

இலங்கையில் ஆண்களிடையே முதலிடம் வகிப்பது வாய்ப்புற்றுநோய். பெண்களிடையே முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு உரியது. உணவுக்குழாய்ப் புற்றுநோயும் நாட்டின் முன்னணிப் புற்றுநோய்களில் ஒன்றாகும். இவற்றுள் வாயும் உணவுக்குழாயும் மலையக வாழ்க்கை முறையோடு நேரடித் தொடர்புடையவை. வாய்க்குள் எது போகின்றது, எந்தச் சூட்டில் போகின்றது, எவ்வளவு நேரம் தங்குகின்றது என்பவற்றோடு இவை பிணைந்துள்ளன.

தாம்பூலத் தட்டும் கன்னத்து அடக்கமும்

வெற்றிலையும் பாக்கும் மங்கலப் பொருட்கள். பூசைத் தட்டிலும், நிச்சயதார்த்தத்திலும், வீட்டுக்கு வந்தவரை வரவேற்பதிலும் அவற்றுக்கு இடமுண்டு. அந்த இடத்தை எவரும் மாற்றவேண்டியதில்லை. இறைவனுக்குப் படைப்பது வேறு, நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது வேறு.

புகையிலையுடன் சேர்ந்த வெற்றிலை மெல்லுதல் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985ஆம் ஆண்டிலேயே முடிவு செய்தது. 'புகையிலை போடாமல் வெறும் பாக்கு மட்டும் மெல்லுகின்றோம், அதில் ஒன்றுமில்லை' என்று ஆறுதல் கூறிக்கொண்டோர் பலர். 2004ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கை அந்த ஆறுதலையும் நீக்கிவிட்டது. புகையிலை இல்லாவிடினும் பாக்கு தானாகவே புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்க்கப்பட்டது. பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் பொருள் வாயின் உட்தோலை இறுகச் செய்கின்றது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கி, மற்ற நஞ்சுகள் உட்புக வழி திறக்கின்றது. புகையிலை தன் நஞ்சை அதனோடு சேர்க்கின்றது. இவற்றுள் வெற்றிலை என்ற இலையின் மீது தனியாக அத்தகைய குற்றம் நிறுவப்படவில்லை. கூட்டாளிகளின் பழியை அது சுமந்து நிற்கின்றது.

இலங்கை அரசாங்கம் 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வர்த்தமானி மூலம் மெல்லும் புகையிலைப் பொருட்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது. சட்டம் கடையைத் தடுக்கலாம். மடியிலுள்ள சுருக்குப்பையைத் தடுப்பது வீட்டாரின் அன்பும் அவரவர் மனவுறுதியுமே.

கொழுந்து பறிக்கும் பெண்கள் வெற்றிலை போடுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. விடியற்காலைக் குளிர், அரைகுறையான காலை உணவு, மலையேற்றம், மத்தியானம் வரை நீளும் பசி. வெற்றிலை அந்தப் பசியை மறக்கச் செய்கின்றது. ஆகவே 'வெற்றிலையை விடு' என்று சொல்வதோடு நின்றுவிட்டால் அது பாதி வைத்தியம். அந்தப் பசிக்கு ஒரு மாற்று வைப்பதே மீதி. வறுத்த கடலை, அவித்த கவ்பி ஒரு சிறு டப்பா, ஒரு வாழைப்பழம் ஆகியவை மலைக்குக் கொண்டு செல்லத்தக்கவை. வாய் கேட்கும்போது ஓர் ஏலக்காய், ஒரு கராம்பு, சிறிது பெருஞ்சீரகம் அல்லது சுக்குத் துண்டு போதும்.

'இத்தனை வருடம் போட்டாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன்?' என்று வயதானவர்கள் கேட்பதுண்டு. பயன் உண்டு. வெற்றிலை பாக்கு மெல்லுவதை நிறுத்தியவர்களுக்கு வாய்ப்புற்றுநோய் அபாயம் குறைகின்றது என்பதற்குப் போதிய சான்று உள்ளதென அதே முகவரகம் 2022ஆம் ஆண்டு அறிவித்தது. விட்ட நாளிலிருந்தே நன்மை தொடங்குகின்றது.

சமைப்பவரே முதலில் அறிவார்

வாய்ப்புற்றுநோய்க்கு முன்னோடியாக வரும் ஒரு நோய் உண்டு. பாக்கு மெல்லுவோரின் வாயின் உட்தோல் வெளிறி, நார்போல் இறுகி, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் வைத்தியசாலையில் தெரிவதில்லை. சாப்பாட்டுத் தட்டிலேதான் தெரிகின்றது.

முப்பது வருடமாகச் செத்தல் மிளகாய்ச் சம்பலை விரும்பிச் சாப்பிட்ட தகப்பனார் திடீரென்று 'உறைப்பு அதிகம், வாய் எரிகிறது' என்கின்றார். அடுத்த மாதம் ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுகின்றார். பிறகு ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுகின்றார். வீட்டுப் பெண்கள் அன்பினால் மிளகாயைக் குறைத்துச் சமைத்துக் கொடுக்கின்றனர். வயதாகிவிட்டது என்று நினைக்கின்றனர். மிளகாயைக் குறைத்த அன்றே அவரைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே உண்மையான அன்பாகும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை எளிது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி, முன்பற்களுக்கு இடையே வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று விரல்களும் நுழையாவிடின் வாய் இறுகுகின்றது எனக் கொள்ளலாம். பின்னர் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி, ஈறு, உதட்டின் உட்புறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி ஆகிய எதைக் கண்டாலும் தாமதிக்கலாகாது. ஆரம்பத்தில் இவை வலிப்பதில்லை. வலிக்கவில்லை என்பதே பலரைத் தாமதிக்கச் செய்கின்றது.

இவ்வாறு வாயைப் பார்ப்பது வீண் வேலையன்று. பயிற்றப்பட்ட ஆரம்ப சுகாதார ஊழியர்கள் வாயைப் பார்த்தே நோயை முன்கூட்டி அறியலாம் என்பது இலங்கையிலேயே பரீட்சிக்கப்பட்டு, 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியானது. கேரளத்தின் திருவனந்தபுரம் பகுதியில் 13 பஞ்சாயத்துகளில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய ஆய்வின் முடிவு 2005இல் வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, வாய்ச்சோதனை நடந்த ஊர்களில் வாய்ப்புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 34 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய இயந்திரம் எதுவும் அங்கே பயன்படுத்தப்படவில்லை. கண்ணும் வெளிச்சமும் பயிற்சியுமே கருவிகள்.

உணவால் ஆவது என்ன, ஆகாதது என்ன?

ஒன்றை முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்தக் கீரையும், எந்த மஞ்சளும், எந்தப் பழமும் வந்துவிட்ட புற்றுநோயைக் குணமாக்கா. வைத்தியசாலைச் சிகிச்சையைக் கைவிட்டு உணவையோ தைலத்தையோ நம்பி இருப்பது உயிருக்கு ஆபத்து. அதுபோல, ஒரு கன்னத்தில் புகையிலையை வைத்துக்கொண்டு மறு கன்னத்தில் வல்லாரைச் சம்பலை உண்பதால் பாதுகாப்பு வந்துவிடாது.

உணவால் ஆவது வேறு. மரக்கறியும் பழமும் நிறைய உண்பது வாய், தொண்டை, உணவுக்குழாய் முதலிய பகுதிகளின் புற்றுநோய்களிலிருந்து காப்பதற்கு உதவக்கூடும் எனவும், தவிடு நீக்காத தானியமும் நார்ச்சத்தும் பெருங்குடற் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் எனவும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஒரு பெரியவரின் கைப்பிடியளவில் ஐந்து பங்கு என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கிழங்கு வகைகள் இக்கணக்கில் சேரா.

'அப்படியானால் அந்தச் சத்தையே குளிசையாக வாங்கி விழுங்கலாமே' என்ற எண்ணம் தோன்றலாம். பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்போரைக் கொண்டு இதைச் சோதித்தனர். கரட்டுக்கு நிறம் தரும் பீற்றா கரோட்டினைத் தினமும் 20 மில்லிகிராம் குளிசையாகக் கொடுத்தனர். 1994இல் முடிவு வந்தபோது, அதை உண்டவர்களுக்கு நுரையீரற் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியிருந்தது. கரட்டில் உள்ளது ஒரு சத்து மட்டுமன்று. நாரும் நீரும் நூறு வகைப் பொருட்களும் ஒன்றோடொன்று சேர்ந்தே இயங்குகின்றன. கடவுள் படைத்த கரட்டுக்குக் கடையில் விற்கும் குளிசை ஈடாகவில்லை.

லயத்துச் சமையலில் ஆறு சிறு மாற்றங்கள்

1. குரக்கன் கலந்த காய் ரொட்டி

வெள்ளைக் கோதுமை மாவில் தவிடு நீக்கப்பட்டுவிடுவதால் நார் மிகக் குறைவு. முன்னோர்கள் தமிழகத்திலிருந்து வந்தபோது அவர்களது உணவாக இருந்தவற்றுள் கேழ்வரகு என்னும் குரக்கனும் ஒன்று. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் வழக்கத்தில் அது இன்றும் வாழ்கின்றது. இரண்டு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ, துருவிய கரட் ஒன்று, பொடியாக அரிந்த லீக்ஸ் அல்லது முருங்கைக் கீரை ஒரு பிடி, உப்பு, சிறிது வெங்காயம் சேர்த்துப் பிசைந்து மெல்லிய ரொட்டியாகத் தட்டிச் சுட வேண்டும். பிள்ளைகளுக்குத் தனியாக மரக்கறி ஊட்டும் பாடு இதனால் தீரும். ரொட்டியைக் கருக விடாமல் எடுப்பது நல்லது.

2. கோவாவை வேகவைக்கும் முறை

கோவா, நோக்கோல், முள்ளங்கி ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றை வெட்டும்போது எழும் காரமான மணமே அவற்றின் சிறப்பு. இலையின் கலங்கள் உடையும்போது உள்ளிருக்கும் நொதியம் வேலை செய்து, உடம்பின் நஞ்சு நீக்கும் இயக்கத்துக்குத் துணைசெய்யும் பொருட்களை உண்டாக்குகின்றது. நெடுநேரம் நீரில் அவித்து அந்த நீரைக் கொட்டினால் அவை போய்விடும். ஆகவே வெளி இலைகளை நீக்கி, ஓடும் நீரில் நன்கு கழுவி, பிறகு மெல்லியதாக அரிந்து, சிறிது நேரம் வைத்திருந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, மஞ்சளும் தேங்காய்ப்பூவும் சேர்த்துச் சில நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும். கழுவிய பின்பே வெட்ட வேண்டும். மலையகத் தோட்டங்களில் மருந்து தெளிக்கப்படுவதால் கழுவுவதில் அலட்சியம் கூடாது.

3. கீரைக்குத் தேசிக்காய்

வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கைக் கீரை ஆகியவை வேலியோரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் வளரக்கூடியவை. வல்லாரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, கடைசியில் தேசிக்காய் பிழிந்தால் சம்பல் தயார். தேசிக்காயிலுள்ள விற்றமின் சி கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவுகின்றது. தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை அதிகம். நீண்ட கால இரும்புச்சத்துக் குறைவு தொண்டையின் உட்தோலை மெலிவித்து, அப்பகுதியில் புற்றுநோய்க்கு இடமளிக்கும் என்பது வைத்தியம் அறிந்த ஒன்றாகும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் அது இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடம்புக்குச் சேரவிடாது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணித்தியாலம் விடுவது நன்று.

4. பருப்பும் கடலையும்

நவராத்திரிக்கு அவிக்கும் கடலைச் சுண்டல் ஒன்பது நாளோடு நின்றுவிட வேண்டியதில்லை. 100 கிராம் அவித்த கடலையில் ஏறத்தாழ 7 கிராம் நார் உண்டு. ஒரு நாளுக்கு வேண்டியது குறைந்தது 25 கிராம். கடலை, கவ்பி, பயறு ஆகியவற்றை இரவில் ஊறவைத்துக் காலையில் அவித்தால் விறகும் மிச்சம். சொசேஜஸ் போன்ற பதனிட்ட இறைச்சி வகைகள் பெருங்குடற் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் 2015ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. ஆகவே பாடசாலைப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் அவற்றின் இடத்துக்குக் கடலையும் முட்டையும் வரலாம்.

5. கரட்டும் தக்காளியும் எண்ணெயோடு

கரட்டின் செம்மஞ்சள் நிறப் பொருளும் தக்காளியின் சிவப்பு நிறப் பொருளும் கொழுப்பில் கரைபவை. சிறிது எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்துச் சமைத்தால் உடம்பில் நன்கு சேரும். பருப்பு, தக்காளி, முருங்கைக் கீரை மூன்றையும் ஒரே சட்டியில் வேகவைத்து, வெள்ளைப்பூண்டு தட்டிப்போட்டு, முதற்பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கினால் ஒரு கறியிலேயே பல சத்துகள் அமையும். பப்பாசி, கொய்யா, வாழைப்பழம், மரத் தக்காளி ஆகியவை வெளிநாட்டு அப்பிளை விட எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

6. மஞ்சளும் மிளகும்

மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஆய்வுகூடங்களில் புற்றுக் கலங்களைக் கட்டுப்படுத்துவதாகக் காணப்பட்டுள்ளது. ஆனால் உண்ணும் மஞ்சளில் மிகச் சிறிய பங்கே இரத்தத்தில் சேர்கின்றது. மிளகிலுள்ள பிப்பரின் அதனைக் கூட்டுகின்றது. 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியதாக 1998ஆம் ஆண்டு வெளியான இந்திய ஆய்வு காட்டியது. ரசத்தில் மஞ்சளையும் மிளகையும் சேர்த்த பாட்டிமார் ஆய்வுகூடம் கண்டவர்கள் அல்லர். எனினும் கறியில் இடும் அளவு உணவுக்கான அளவே என்பதையும், அது மருந்தாகாது என்பதையும் மறக்கக் கூடாது. சிகிச்சை பெறுவோர் மஞ்சள் குளிசைகளை வைத்தியரைக் கேளாமல் எடுக்கலாகாது, அவை மற்ற மருந்துகளின் வேலையைக் குழப்பக்கூடும்.

தேநீர், புகை, பூஞ்சணம்

தேயிலை விளையும் மண்ணில் தேநீரைக் குறை கூற முடியாது, கூற வேண்டிய அவசியமும் இல்லை. குறை அதன் சூட்டிலேயே உள்ளது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் எப்பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என 2016ஆம் ஆண்டு வகைப்படுத்தப்பட்டது. ஈரானின் கொலெஸ்தான் மாகாணத்தில் ஏறத்தாழ 50,000 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நாளொன்றுக்கு 700 மில்லிலீற்றருக்கு மேல் தேநீர் அருந்தியோருக்கு, ஆறிய தேநீரை அளவாக அருந்தியோரைவிட அவ்வபாயம் ஏறத்தாழ 90 சதவீதம் அதிகமாக இருந்தது. இதற்கு மருந்து செலவில்லாதது. ஒரு கோப்பையிலிருந்து மறு கோப்பைக்கு இரண்டு மூன்று முறை ஆற்றிக் குடிக்க வேண்டும். 'ஆற்றிக் குடி' என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

லயக் காம்பராவில் அடுப்புப் புகை போக வழியில்லாத நிலை இன்னும் பல இடங்களில் உள்ளது. வீட்டுக்குள் விறகு எரிவதால் வரும் புகையும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உள்ளது. ஈர விறகைத் தவிர்த்தல், காய்ந்த விறகைப் பயன்படுத்துதல், புகைபோக்கி அமைத்தல், சமைக்கும்போது கதவையும் யன்னலையும் திறந்து வைத்தல், கைக்குழந்தையை அடுப்பருகே வைத்திராமை ஆகியவை இயன்றவரை கடைப்பிடிக்கத்தக்கவை.

மலையகத்து ஈரக்காற்றில் கச்சான், செத்தல் மிளகாய், கொப்பரை ஆகியவற்றில் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். அப்பூஞ்சணத்தின் அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சு ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். சாதாரணச் சமையற் சூட்டில் அது முற்றாக அழிவதில்லை. இறக்குமதி செய்யப்பட்ட தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு கண்டறியப்பட்டு 2021ஆம் ஆண்டு நாடு முழுவதும் பேசப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்து வறுத்து உண்பதைவிட எறிந்துவிடுவதே சிக்கனம். மதுசாரமும் முதலாம் பிரிவைச் சேர்ந்ததே. புகையிலையும் மதுவும் ஒரே உடம்பில் சேரும்போது வாய்க்கும் தொண்டைக்கும் வரும் கேடு இரட்டிப்பையும் கடந்துவிடும்.

எங்கே செல்வது?

சந்தேகம் தோன்றினால் முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லலாம். கொட்டகலைப் பிரதேச வைத்தியசாலை, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை ஆகியவை எட்டக்கூடிய தூரத்தில் உள்ளன. மேலதிகப் பரிசோதனைக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கும், சிகிச்சைக்குக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் அனுப்பப்படுவதுண்டு. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். பெண்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குச் சென்று மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்த இடங்களில் உணவு மட்டும் காவலாக முடியாது.

ஒரு நாட் சம்பளம் போய்விடும் என்று தள்ளிப்போடுவோர் உண்டு. திட்டாக இருக்கும்போது ஒரு நாள் போகும். கட்டியான பின் மாதங்கள் போகும், சில வேளை வீட்டின் தூணே போய்விடும்.

கோயிலிலிருந்து தொடங்கலாம்

திருவிழாக் காலத்து அன்னதானம் ஊரே ஒன்றாக உண்ணும் உணவு. அந்த இலையில் ஒரு கீரை, ஒரு கோவாப் பொரியல், ஒரு கடலைச் சுண்டல், மிளகு ரசம் இடம்பெற்றால் அதுவே ஊருக்கு ஒரு பாடமாகிவிடும். உண்டு முடித்தோருக்கு வெற்றிலை பாக்குக்குப் பதிலாக ஏலக்காயோ வாழைப்பழமோ கொடுக்கலாம். தாம்பூலம் சந்நிதியில் இறைவனுக்கு உரியதாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும் தாய்மார் நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் வாயை மற்றவர் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டால் அதுவும் ஒரு தொண்டே.

அம்மனுக்குப் படைக்கும் பொங்கலில் கல் இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று அரிசியை மும்முறை புடைத்துப் பார்க்கும் கைகள் இவை. தம் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் தமக்கும் போடும் சோற்றிலும் அதே கவனம் இருந்தால் போதும். கல்லை நீக்குவது போலப் புகையிலையையும் பாக்கையும் நீக்கி, விளைநிலத்தின் கோவாவும் கீரையும் முதலில் வீட்டுச் சட்டிக்கு வரட்டும். உறைப்பு வேண்டாம் என்று தட்டை ஒதுக்கும் பெரியவரை அடுப்பங்கரை முதலில் கவனிக்கட்டும்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்.